துளசிக்கு ஞாயிறு வேலை நாள்

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் துளசி குடியிருக்கும் அடுக்குமாடியில் அவளைக் 'கெடா டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். அவள் கெடாக்காரி அல்ல. அதே கட்டடத்தின் மேல்மாடி வீடொன்றில் பிறந்து வளர்ந்தவள். குணாளனைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் ஐந்து மாடி கீழே இறங்கியதோடு சரி. ஆசிரியர் பயிற்சி முடிந்ததும் பக்கத்து மாநிலமான கெடாவில், சுங்கைப்பட்டாணியில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் அவளுக்கு வேலை போட்டார்கள். பினாங்குக்கு மாற்றம் கேட்டு ஆண்டுதோறும் விண்ணப்பித்தாள். கிடைக்கவில்லை. பிறகு விண்ணப்பிப்பதும், தீபாவளிக்கு வீடு கழுவுவதைப் போல, வருடத்துக்கு ஒருமுறை செய்யும் வேலையாகிவிட்டது.

விடிவதற்கு முன்பே புறப்படுவாள். தீவிலிருந்து பாலத்தைக் கடந்து, பினாங்கு மாநிலத்தின் கரைப்பகுதியான பிறையில் வடக்கே திரும்பி, நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் பள்ளி. எதிர்ப்பக்கம் கெடாவிலிருந்து பிறைத் தொழிற்சாலைகளுக்கு வரும் மோட்டார் சைக்கிள்களின் விளக்குகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். அவர்கள் அவளுடைய மாநிலத்துக்கு வேலைக்கு வந்தார்கள், அவள் அவர்களுடைய மாநிலத்துக்குப் போனாள். பெரிய தூரம் போகிறோம் என்று இரண்டு பக்கமும் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

சில ஆண்டுகளில் அவளுடைய வாழ்க்கை அந்தச் சாலை நெடுகப் பரவிவிட்டது. ரவிக்கை தைப்பது சுங்கைப்பட்டாணியில். அங்கே உள்ள தையல்காரிக்குத்தான் அவளுடைய தோள் அளவு சரியாக வரும். காரைப் பழுது பார்ப்பது ஜுருவில். காய்கறியும் மீனும் ஆயர் ஈத்தாம் பாசாரில். கூடப் படித்த தோழிகளில் ஒருத்தி கூலிமில், ஒருத்தி பட்டர்வொர்த்தில். "ஒனக்கு ஊரு எதுன்னு கேட்டா டோல் ரசீதத்தான் காட்டணும்," என்பான் குணாளன். அவன் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்பவன். வேலைக்காகத் தீவை விட்டு வெளியே போனதே இல்லை.

சாலை ஊர்களைச் சேர்த்துவிட்டது. கிழமைகளைச் சேர்க்கவில்லை. கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. பினாங்கில் சனியும் ஞாயிறும். வெள்ளிக்கிழமை துளசி வீட்டில் தனியாக இருப்பாள். துணி துவைப்பாள், கோயிலுக்குப் போவாள், பயிற்சிப் புத்தகங்களைத் திருத்துவாள். ஞாயிற்றுக்கிழமை கட்டடமே தூங்கிக்கொண்டிருக்கும்போது அவள் மட்டும் காரை எடுப்பாள். அவளுக்கும் குணாளனுக்கும் பொதுவாக இருந்தது சனிக்கிழமை ஒன்றுதான்.

பினாங்கில் உறவுக்காரர்கள் வீட்டு விசேஷமெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். பிறந்தநாள், புதுமனை புகுதல், காதுகுத்து எல்லாம். பாதிக்கு அவள் போனதில்லை. மீதிக்குப் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு போய்ச் சேர்ந்தாள். பெரியப்பா மகள் லெட்சுமி வாய் சும்மா இருக்கும் ஆள் இல்லை.

"டீச்சரம்மாவுக்குச் சாப்பாட்டத் தப்பாவ் கட்டி வைங்கப்பா. அவங்க நம்மகூட எல்லாம் உக்காந்து சாப்பிட மாட்டாங்க."

"அக்கா, எனக்கு ஸ்கூல் லா."

"ஞாயித்துக்கிழம யாருடி ஸ்கூல் போறா?"

இதைப் பத்து வருடமாக லெட்சுமி கேட்டுக்கொண்டிருந்தாள். பதில் தெரியாமல் அல்ல.

துளசியின் தம்பி கோகுலனுக்குப் பெண் அமைந்ததும் இதே சாலையில்தான். அவன் வேலை பார்க்கும் பிறைத் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்தவள் அனுஜா. பேராக் மாநிலத்துத் தைப்பிங்கிலிருந்து தினமும் காரோட்டி வருகிறவள். அவளுடைய அப்பா சிவகுருநாதன் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்து வழி. கோகுலன் வீட்டில் சொன்னபோது அம்மா புஷ்பவள்ளி முதலில் கேட்டது சாதகத்தை அல்ல.

"தைப்பிங்கா? அவ்ளோ தூரமா?"

"ம்மா, தைப்பிங் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. பாலத்துல ஜேம் ஆச்சுன்னா நம்ம வீட்டுக்கே அதவிட ஜாஸ்தி ஆவுது."

அதற்குப் பிறகுதான் அம்மா சாதகத்தைக் கேட்டாள்.

நிச்சயதார்த்தம் பெண் வீட்டில், தைப்பிங்கில் என்று முடிவானது. துளசி வீட்டு வழக்கப்படி, தட்டு மாற்றிய பிறகு மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ பெண்ணுக்குப் பொட்டு வைத்து, பூச்சூட்டி, சேலையைக் கையில் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் இந்த வீட்டுப் பெண். கோகுலனுக்கு உடன்பிறந்தவள் துளசி ஒருத்திதான். சின்ன வயதில் பள்ளிப் பேருந்துக்கு அவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவள், மாதக் கடைசியில் அவனுடைய மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் போட்டவள். வேறு எந்த விசேஷத்தைத் தவறவிட்டாலும் இந்தப் பொட்டை அவள் கைதான் வைக்க வேண்டும் என்று இருந்தாள். வெளியே சொல்லவில்லை. சொல்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

நாள் பார்க்க ஒரு சனிக்கிழமை எல்லாரும் அம்மா வீட்டில் கூடினார்கள். ஆடி பிறக்க அதிக நாள் இல்லை. அதற்குள் வைத்தாக வேண்டும்.

"ஆடிக்கு முந்தின ஞாயிறு," என்றார் அப்பா. "பொண்ணு வீட்லயும் அதான் சொல்றாங்க."

துளசி நாள்காட்டியைப் பார்த்தாள். அந்த ஞாயிறு மாவட்டத் தமிழ்ப்பள்ளிகளின் ஓட்டப்பந்தயம். அவளுடைய பள்ளியின் ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் அவள். போதாததற்கு அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சையின்போதே விடுப்பையெல்லாம் எடுத்து முடித்திருந்தாள்.

"சனிக்கிழம வைக்க முடியாதாப்பா? எல்லாருக்கும் லீவு."

லெட்சுமி முந்திக்கொண்டாள். "சனிக்கிழமயில யாராச்சும் பொண்ணுக்குப் பொட்டு வைப்பாங்களா? படிச்சவதானே நீ?"

"அப்ப வெள்ளிக்கிழம?"

"வெள்ளிக்கிழம ஒனக்கு மட்டும்தாண்டி லீவு. நீயும் பொண்ணும் ஐயரும் மூணு பேரா வச்சிக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். துளசியும் கொஞ்சம் சிரித்தாள். அம்மா மட்டும் சிரிக்காமல், "நீ வரலன்னா லெட்சுமிதான் வைக்கணும்," என்றாள். குறையாகச் சொல்லவில்லை, ஏற்பாடாகச் சொன்னாள். துளசிக்கு அதுதான் உறைத்தது.

அன்று மாலையே சிவகுருநாதனைத் தொலைபேசியில் அழைத்தாள். அதற்கு முன் அவரிடம் இரண்டு வார்த்தைகூடப் பேசியதில்லை. குணாளன் பக்கத்தில் உட்கார்ந்து, 'பேசு, பேசு' என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"பிள்ளை, நாங்கள் பன்னிரண்டுக்கு முன்னம் முடிக்கலாம் எண்டுதான் நினைச்சிருந்தம்," என்றார் அவர். "அண்டைக்கு உங்களுக்கு என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமைதானே?"

"நான் கெடாவுல டீச்சர், அங்கிள்."

"ஓ, கெடாவோ! மறந்திட்டன்." அவர் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "பன்னிரண்டிலிருந்து ஒண்டரை மட்டும் எமகண்டம். நாலரைக்கு ராகு காலம். இடையில வைப்பம். சாப்பாட்டை முன்னுக்குப் போட்டிடுவம். ரெண்டரைக்கு வந்திடுவீங்களோ?"

"வந்துருவேன் அங்கிள்."

பொட்டு வைப்பதற்கு முன்பே பந்தியா என்று லெட்சுமி வாட்ஸ்அப்பில் கண்ணைப் பிதுக்கும் பொம்மைகளாக அனுப்பினாள். பரவாயில்லை என்று துளசி நினைத்தாள். நேரம் கிடைத்துவிட்டது.

அந்த ஞாயிறு காலை, குணாளன் அவளுடைய பெற்றோரையும் தட்டுகளையும் ஏற்றிக்கொண்டு தைப்பிங் போனான். மற்ற உறவினர்கள் வாடகை வேனில் போனார்கள். காலையில் சாலை வெறிச்சோடிக் கிடந்தது என்று செய்தி அனுப்பினான். துளசி சுங்கைப்பட்டாணி அரங்கத்தில் இருந்தாள். பந்தயமெல்லாம் நண்பகலுக்குள் முடிய வேண்டும். பத்து மணிக்கு மழை பிடித்தது. தொடர் ஓட்டம் மட்டும் பாக்கி. ஓடவேண்டிய பிள்ளைகள் கூரைக்குக் கீழே வெறுங்காலோடு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

மழை விட்டு, ஓடுபாதையில் தண்ணீர் தள்ளி, ஓட்டம் முடிய ஒன்றரை ஆகிவிட்டது. பள்ளிக்கு மூன்றாவது இடம். உடன் பணிபுரியும் மர்ஜானா அவள் கையிலிருந்த விசிலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போ லா, துளசி. பிள்ளைங்கள நான் பஸ் ஏத்திக்கறேன்."

"பேர் கூப்புட்டு ஏத்து. அந்தக் கடைசிப் பையன் எங்கயாவது போய்டுவான்."

"எனக்குத் தெரியும். நீ மொதல்ல சட்டையாவது மாத்து."

அரங்கத்துக் கழிப்பறையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டாள். மூன்று மணிக்குப் போய்விடலாம், அரை மணிதான் தாமதம் என்று கணக்கிட்டாள்.

கணக்கில் ஒரு தவறு இருந்தது. பத்து ஆண்டுகளாக ஞாயிறு அவளுக்கு வேலை நாள். பள்ளி விட்டு அவள் திரும்பும் நேரத்தில் சாலை காலியாக இருக்கும். பிறையில் பாலத்துக்குத் திரும்பி வீட்டுக்குப் போய்விடுவாள். பாலத்தைத் தாண்டித் தெற்கே, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், அவள் ஒருமுறைகூடப் போனதில்லை. பினாங்குக்கும் கெடாவுக்கும் விடுமுறைக்கு வந்தவர்களெல்லாம் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் திரும்பும் நேரம் அது. மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் திரும்புவார்கள் என்பது மற்றவர்களுக்கு யோசிக்காமலே தெரியும். அவளுக்கு, யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

பாலத்துக்குப் பிரியும் வழியைத் தாண்டியதும் முன்னால் சிவப்பு விளக்குகள் எரிந்தன. ஜுரு டோல் வரை கார்கள் ஒட்டிக்கொண்டு நின்றன. டோலைக் கடந்த பிறகும் அப்படியே. பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருந்தது, ஓட்டுகிறவரைத் தவிர. கைபேசியின் வழிகாட்டி போய்ச்சேரும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனது. மூன்று என்றது மூன்றரை ஆனது, பிறகு நாலு.

குணாளன் அழைத்தான்.

"எங்க இருக்க?"

"ஜுரு தாண்டிட்டேன். நகரவே இல்லீங்க."

"ஏன், ஆக்சிடெண்டா?"

"இல்ல. ஞாயித்துக்கிழம." அதைச் சொன்னபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுமுனையில் யாரோ தொலைபேசியை வாங்கினார்கள். அம்மா.

"என்னடி, எல்லாரும் சாப்பிட்டு முடிச்சிட்டு ஒன்னத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. பொண்ணு காலையிலேர்ந்து சேல கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

பாரிட் புந்தார் பலகை தெரிந்தது. கார்கள் மெல்ல நகர்ந்தன, நின்றன. வழிகாட்டி நாலே முக்கால் என்றது. அதற்கு மேல் இழுத்தடிப்பதில் அர்த்தமில்லை. பெண் வீட்டில் வீணாகக் கெட்ட பேர் வரும்.

"ம்மா, நான் நேரத்துக்கு வர மாட்டேன். லெட்சுமிக்காவ வைக்கச் சொல்லு."

அம்மா அழைப்பைத் துண்டித்தாள். துளசி இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்ற லாரியின் எண் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. காரில் அழுதால் கண்மை கலைந்துவிடும், அதோடு போய் இறங்குவது இன்னும் மோசம்.

புக்கிட் மேராவுக்குப் பிறகு சாலை திறந்துகொண்டது.

அவள் தைப்பிங் வீட்டின் வாசலில் இறங்கியபோது ராகு காலம் தொடங்கியிருந்தது. வாடகை வேனின் கதவு திறந்திருந்தது. பினாங்கு உறவினர்கள் சிலர் ஏறிக்கொண்டிருந்தார்கள். நாளை வேலை, இப்போது கிளம்பினால்தான் பாலத்தில் மாட்டாமல் போகலாம் என்றார்கள். சித்தப்பா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறினார்.

உள்ளே கூடத்தில் தட்டுகள் இடம் மாறியிருந்தன. அதாவது எல்லாம் முடிந்துவிட்டது. சுவரோரம் அனுஜா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். துளசி அவளருகே போய், "மன்னிச்சிரும்மா," என்று தொடங்கினாள். அப்போதுதான் அனுஜாவின் நெற்றியைப் பார்த்தாள். காலையில் அவளே வைத்துக்கொண்ட சின்ன ஒட்டுப்பொட்டு மட்டும் இருந்தது. தலையில் பூ இல்லை.

"தட்டு மாத்தியாச்சு," என்றான் குணாளன். "நாலரைக்கு முன்னாடி ஒங்கப்பாவும் அங்கிளும் மாத்திட்டாங்க. மத்தது பாக்கி."

"லெட்சுமிக்கா?"

லெட்சுமி சமையலறை வாசலில் கையில் காப்பியோடு நின்றாள்.

"நான் எதுக்கு வைக்கணும்? நான் வச்சேன்னா சாகற வரைக்கும் நீ எங்கிட்ட பேச மாட்ட. அப்புறம் நான் யாரக் கிண்டல் பண்றது?"

"பேசுவேன்க்கா."

"பேசுவ. அந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசுவ. அதுக்குப் பேசாம இருக்கலாம்." காப்பியை அவள் கையில் திணித்தாள். "குடி. ஆறு மணிக்கு மேல வைக்கலாம்னு அங்கிள் சொல்லிட்டாரு. வெளக்கு வைக்கற நேரம், நல்லதுதானாம்."

சிவகுருநாதன் உள்ளிருந்து தலையை நீட்டினார். "வந்திட்டீங்களோ பிள்ளை? முதல்ல சாப்பிடுங்கோ."

அவளுக்காக இலை போட்டார்கள். மீதியிருந்த சாம்பார் ஆறிப் போயிருந்தது. அனுஜா எதிரே உட்கார்ந்து அப்பளம் வைத்தாள். நிச்சயம் செய்யப்பட்ட பெண் பரிமாறக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். "இன்னும் பொட்டு வைக்கலதானே," என்றாள் அனுஜா.

ஆறு மணி கழிந்து, வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே சிவகுருநாதன் விளக்கேற்றினார். துளசி அனுஜாவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். மல்லிகைச் சரத்தைச் சூட்டினாள். சுங்கைப்பட்டாணித் தையல்காரி தைத்த ரவிக்கையோடு சேலைத் தட்டை அவள் கையில் கொடுத்தாள். படமெடுத்தபோது கூடத்தில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. கோகுலன் மட்டும் சிரிப்பை அடக்கமுடியாமல் நின்றுகொண்டிருந்தான்.

பிறகு கல்யாண நாள் பேச்சு வந்தது. ஆவணியில் என்று ஏற்கெனவே பேசியிருந்தார்கள். சிவகுருநாதன் ஞாயிற்றுக்கிழமைகளாகச் சொல்லிக்கொண்டு போனார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பழைய துளசியாக இருந்தால் கேட்டுக்கொண்டு இருந்திருப்பாள்.

"அங்கிள்," என்றாள். "ஆவணியில ஒரு வாரம் பள்ளி லீவு வருது. அதுல வைக்கணும்."

"அதுவும் சரிதான். அதில எந்த ஞாயிறு?"

"உங்களுக்கு ரெண்டு ஞாயிறு வரும். பேராக்கும் பினாங்கும் சனிக்கிழம ஆரம்பிச்சு ஞாயிறு முடிக்கும். எங்களுக்கு வெள்ளிக்கிழம ஆரம்பிச்சு சனிக்கிழமயோட முடிஞ்சிரும். நடுவுல ஒரே ஒரு ஞாயிறுதான்."

"லீவுலகூட இவங்களுக்குத் தனிக் கணக்கு லா," என்றாள் லெட்சுமி.

சிவகுருநாதன் பஞ்சாங்கத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "தேய்பிறை. ஆனா நட்சத்திரம் நல்லாயிருக்கு." அவர் அப்பாவைப் பார்த்தார். தேய்பிறை என்றதும் அப்பா தாடையைத் தடவ ஆரம்பித்தார். அம்மாவும் எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

"அந்த ஞாயிறே இருக்கட்டும், ப்பா," என்றாள் அனுஜா. "இண்டைக்கு மாதிரி நான் காலையிலிருந்து பின்னேரம் மட்டும் காஞ்சுகொண்டு இருக்க ஏலாது. அண்ணி முன்னமே வந்திருக்கோணும்."

அப்பா தாடையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையாட்டினார்.

மண்டபம் கிடைக்குமா என்பதுதான் அடுத்த கவலை. அவ்வளவு குறுகிய காலத்தில் தைப்பிங்கிலும் பினாங்கிலும் எதுவும் காலியாக இல்லை. கோகுலன் சாலை நெடுக ஒவ்வோர் ஊராக அழைத்துப் பார்த்தான். எந்த ஊராக இருந்தால் என்ன, எல்லாருக்கும் ஒரு மணி நேரம்தான் என்றான். கடைசியில் பாரிட் புந்தாரில் ஒன்று கிடைத்தது. இரு வீட்டாரில் ஒருவர்கூட அதுவரை அந்த ஊரில் இறங்கியதில்லை. ஊர் பேராக்கில் இருக்கிறது, ஆற்றைத் தாண்டினால் கெடா, கொஞ்சம் மேற்கே போனால் பினாங்கு.

அழைப்பிதழ் அச்சிடக் கொடுப்பதற்கு முன் லெட்சுமி துளசியை அழைத்தாள்.

"ஏண்டி, முகூர்த்தம் காலையில ஒன்பதுக்குன்னு போட்டிருக்காங்க. அன்னிக்கு ஒனக்கு ஸ்கூல் இல்லதானே?"

"இல்லக்கா."

"நிச்சயமா?"

"நிச்சயமா இல்ல. முந்தின நாளே வந்துருவேன்."

"முந்தின நாளு சனிக்கிழம," என்றாள் லெட்சுமி. "அன்னிக்கு எனக்கும் லீவு. என்னயும் ஏத்திக்கிட்டுப் போ."